வெள்ளை இடத்தில் எழுதிய ஆண்டு

அன்புள்ள ஆர்ட்டிஸ்டு அவர்களுக்கு,

சென்ற வாரம் என் அலுவலக அலமாரியில் கறையான் ஏறியது. கீழ்த்தட்டு நூல்களை எடுத்து வெயிலில் பரப்பியபோது, காலவரையறைச் சட்ட நூலின் அட்டைமேல் சுற்றியிருந்த தாள் கையோடு வந்துவிட்டது. வெளிப்பக்கம் பாதிப் பச்சைக்கிளி. அது ஒரு பட்டாசு லேபிள். நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழாததால் கழிக்கப்பட்டது. உள்பக்கம் நீங்கள் வரைந்த சிலை, வேதத்தில் பாபிலோன் அரசன் கனவில் கண்டது. தங்கத் தலை, வெள்ளி மார்பு, வெண்கல வயிறு, இரும்புக் கால்கள், இரும்பும் களிமண்ணும் கலந்த பாதங்கள். பாதங்களுக்கு அருகே, நான்கு இலக்கங்களில், ஓர் ஆண்டு.

அந்த ஆண்டை இங்கே மறுபடி எழுத எனக்குக் கூசுகிறது. நீங்கள் காலமாகி ஐந்து மாதங்கள் ஆகின்றன. உங்களிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன். இதனால் உங்களுக்கு யாதொரு பயனும் இல்லை என்பதை அறிந்தே எழுதுகிறேன்.

நீங்கள் தினமும் காலை ரயிலில் விருதுநகரிலிருந்து சிவகாசிக்குப் போய், கல்லச்சு ஆபீஸில் லேபிள் வரைந்துவிட்டு மாலையில் திரும்புவீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வேதபாடம் வாசிப்பது உங்கள் முறை. உங்கள் குரலுக்காகவே முன்வரிசைக்கு வந்து உட்கார்ந்தவர்கள் உண்டு. மதிய உணவுக்குப் பின் என் வீட்டு முன்னறையில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவோம். வெள்ளையர் நாட்டைவிட்டுப் போய்ப் பத்தாண்டுகள் நிறையாத காலம். ராஜ்யங்கள் ஏன் எழுகின்றன, ஏன் விழுகின்றன என்பது எங்களுக்கு வேதபாடமாக மட்டுமன்றிக் கடைத்தெருப் பேச்சாகவும் இருந்தது. நான் நூல்களைப் பார்த்து விளக்குவேன். நீங்கள் வரைந்து சுவரில் மாட்டிய சிலைப் படத்தை ஸ்கேல் கட்டையால் தொட்டுக் காட்டுவீர்கள்: இது பாபிலோன், இது பாரசீகம், இது கிரேக்கம், இது ரோம்.

சபைக் கமிட்டியில் மூத்தவரான மிளகாய் மண்டிக்காரர் ஒருநாள் கேட்டார்: "அது சரி ஆர்ட்டிஸ்டு, வெள்ளக்காரன் இதுல எந்த வெரலு?"

"சுண்டு வெரலுன்னுதான் நெனச்சேன். அவன் மிதிச்ச மிதியப் பாத்தா கட்ட வெரலா இருக்கும்போல."

"இப்ப ஆளுறவுக?"

"அவுகளும் கால்லதான் இருக்காக. நிறுத்துனவருக்குத் தள்ள எம்புட்டு நேரமாகும்?"

எல்லாரும் சிரித்தோம். நீங்கள் சிரிக்கவில்லை. எந்த அரியணையும் இரவல்தான் என்பதை, பசிக்கிறது என்று சொல்வதுபோல் இயல்பாகச் சொல்லக்கூடியவர் நீங்கள்.

தானியேல் தீர்க்கதரிசி விளக்கிய அந்தக் கனவில், கையால் பெயர்க்கப்படாத கல்லொன்று வந்து சிலையின் பாதங்களில் மோதுகிறது. சிலை முழுவதும் பதராகிக் காற்றோடு போகிறது. கல் இருக்க வேண்டிய இடத்தை உங்கள் படத்தில் வெறும் வெள்ளையாக விட்டிருந்தீர்கள். மறந்துவிட்டீர்களோ என்று கேட்டேன்.

"மறக்கல அண்ணாச்சி. கையால பேக்காத கல்ல என் கையால எப்படி வரையட்டும்? அது வரும்போது வரட்டும்."

அந்த வெள்ளை இடம் என்னை உறுத்தியது. என் தொழிலில் எதற்கும் ஒரு தேதி உண்டு. தேதியில்லாத பத்திரம் பத்திரமே அன்று. ஆகவே அந்தக் கல் எந்த ஆண்டில் வரும் என்று கணக்கிட உட்கார்ந்தேன். தங்கத் தலையான பாபிலோன் அரசன் எருசலேமைப் பிடித்த நாளை, கெடு எண்ணத் தொடங்கும் வழக்குமூலம் எழுந்த நாளாகக் கொண்டேன். தீர்க்கதரிசனத்தில் ஒரு நாள் என்பது ஓர் ஆண்டு என்ற விளக்கத்தை ஏற்றேன். நீதிமன்றம் மூடியிருக்கும் நாள்களைக் காலவரையறையிலிருந்து கழிப்பது வழக்கம். அதுபோல, எருசலேம் ஆலயம் இடிந்து கிடந்த ஆண்டுகளைக் கழித்தேன். கடவுளின் காலத்தை முனிசீப் கோர்ட்டு மனுவைப்போல் எண்ணி ஓர் ஆண்டில் கொண்டுவந்து நிறுத்தினேன். அது உண்மையென்று நான் நம்பினேனா? நம்பவில்லை என்று சொன்னால் பொய்யாகும். நம்பினேன் என்றாலும் பொய்யாகும். கணக்கு அழகாக வந்தது. அந்த அழகில் நான் மயங்கினேன்.

"வருசம் வேணாம் அண்ணாச்சி. ராஜாக்களத் தள்ளுறது அவரு வேல. நாம நாள் குறிக்கலாமா?" என்றீர்கள்.

"நான் குறிக்கல ஆர்ட்டிஸ்டு. குறிச்சு வச்சிருக்கத எண்ணிப் பாக்கேன், அம்புட்டுத்தான்."

நீங்கள் நான்காம் வகுப்பு வரை படித்தவர். நான் சட்டம் படித்தவன். அந்த வேறுபாட்டை அன்று நான் பயன்படுத்திக்கொண்டேன். அரை நாள் யோசித்துவிட்டு, "படிச்சவுக சொல்லுதீக, சரியாத்தான் இருக்கும்" என்று ஒப்புக்கொண்டீர்கள். முதலாளியிடம் கேட்டுக் கழிவுத்தாள்களை வாங்கினீர்கள். அவர், "உங்க சாமியா? நல்லாத்தான் இருக்காரு, எடுத்துக்கோங்க" என்றாராம். அது சாமியல்ல, விழப்போகும் ராஜ்யங்கள் என்று அவருக்கு விளக்க ரயில் நேரம் இடம் கொடுக்கவில்லை என்று மறுநாள் சொன்னீர்கள். என் துண்டுச்சீட்டிலிருந்த நான்கு இலக்கங்களையும் கல்லில் இடவலமாக மாற்றி எழுதி, தாளில் நேராக விழவைத்தீர்கள். நூறு படங்கள் சபை வீடுகளுக்குப் போயின. கணக்கிட்டவர் இன்னார் என்று அவற்றில் எங்கும் இல்லை. பெயர் வேண்டாம் என்று சொன்னவன் நான்.

அந்த ஆண்டு வந்தது. எட்டுக் கிரகங்கள் ஒரே ராசியில் கூடுகின்றன என்று ஊரே நடுங்கியதும் அதே ஆண்டில்தான். வேதத்தைத் திறந்தறியாத தெருக்களிலும் உங்கள் படத்தைக் கேட்டு வாங்கினார்கள். தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்த ஒரு விதவை, மகளுக்கு நிச்சயம் செய்திருந்த கல்யாணத்தைத் தள்ளிவைத்தாள். "எல்லாம் முடியப்போகுது, புள்ளய எதுக்குப் புது வீட்டுக்கு அனுப்பிப் பிரிஞ்சு இருக்கணும்?" என்றாள். மாப்பிள்ளை வீட்டார் வேறிடம் பார்த்துக்கொண்டார்கள். ஆண்டு கழிந்தது. ராஜ்யங்கள் இருந்தன, கிரகங்கள் பிரிந்தன. அந்தப் பெண்ணின் கல்யாணம் மட்டும் இல்லாமற்போயிற்று. தாய் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு போதகர் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

விசாரணை நாளில் கமிட்டியின் செயலாளன் நான். நடவடிக்கைக் குறிப்பு எழுதும் பேனா என் கையில் இருந்தது.

"இந்த வருசத்தை யார் சொன்னது?" என்று போதகர் கேட்டார்.

"கல்லுல எழுதுனது என் கைதான் ஐயா."

"எழுதியது இருக்கட்டும். கணக்கு யாருடையது?"

"எழுதுனவந்தான பொறுப்பு."

நீங்கள் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் பேசியிருப்பேன் என்று பல ஆண்டுகள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த மாதம் அரசு வக்கீல் பதவிக்கு என் பெயர் பரிசீலனையில் இருந்தது. உலக முடிவுக்கு நாள் குறித்தவன் என்று ஒரு சொல் வெளியே போனால் அது நின்றுபோகும். ஆகவே என் பேனா நிற்கவில்லை. "கணக்கிட்டவர் யார் என்ற வினாவுக்கு நேரான பதில் கிடைக்கவில்லை" என்று எழுதினேன். அந்த வாக்கியத்தில் பொய் ஒரு சொல்கூட இல்லை. என் வாழ்நாளில் நான் எழுதிய வாக்கியங்களில் மிகவும் கெட்டது அதுதான்.

வேதபாடம் வாசிக்கும் முறை உங்களிடமிருந்து எடுக்கப்பட்டது. அடுத்த கூட்டத்தில் அதை எனக்குக் கொடுத்தார்கள். நான் ஏற்றுக்கொண்டேன்.

படங்களைத் திரும்ப வாங்கிவரும்படி உங்களுக்கே உத்தரவானது. வீடுவீடாகப் போனீர்கள். தெப்பக்குளத்தருகே ஒருவன் மறித்து, "என்ன ஆர்ட்டிஸ்டு, உலகம் இன்னும் இருக்கு போல?" என்றான். "இருக்குலே. நீயும் இருக்க, அதான் ஆச்சரியம்" என்றீர்கள். என் வீட்டுக்கும் வந்தீர்கள். ஒரு படம் எங்கேயோ வைத்துவிட்டேன் என்றேன். "பரவால்ல அண்ணாச்சி" என்று சொல்லித் தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டுப் போனீர்கள்.

பதவி எனக்குக் கிடைத்தது. ராஜாக்களைத் தள்ளுகிறவர் என்னைத் தள்ளவில்லை. உயர்த்தப்பட்டதை விடுதலைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள நான் முயன்றேன். ஆனால் நீங்கள் தொட்டுக்காட்டிய தங்கத் தலையும் அவரால் உயர்த்தப்பட்டதுதானே? உயரத்தில் வைக்கப்படுவது நிரபராதி என்பதற்குச் சான்றன்று. இதை நான் எந்த நூலிலும் படிக்கவில்லை. அரசு வக்கீல் நாற்காலியில் உட்கார்ந்து தெரிந்துகொண்டேன்.

நீங்கள் மதுரை ஆஸ்பத்திரியில் இருந்தபோது, சொல்லிவிடும் எண்ணத்தோடுதான் வந்தேன். கட்டில் அருகே நாற்காலியை இழுத்துப்போட்டதும் நீங்களே தொடங்கினீர்கள். "வருசம் தப்பாப் போனதுக்கு நான் வருத்தப்படல அண்ணாச்சி. சரியா வந்திருந்தாலும் தப்புதான். அவரு எடத்துல நாம எழுதிட்டோம்." நாம் என்றீர்கள். அந்த ஒரு சொல்லில் என்னைச் சேர்த்துக்கொண்டீர்கள். இனி நான் சொல்ல ஏதுமில்லை என்று எனக்கு ஆறுதலாக இருந்தது. கமிட்டிக்கும் அந்தத் தாய்க்கும் சொல்ல வேண்டியது அப்படியே இருந்தது என்பதை வசதியாக மறந்துவிட்டு, பஸ் ஏறினேன்.

நேற்று சபைக் கமிட்டி கூடியது. எழுத்து மூலம் ஒரு வாக்குமூலம் கொண்டுபோய், எழுந்து நின்று வாசித்தேன். கணக்கிட்டவன் நான்; எழுதச் சொன்னவன் நான்; மௌனமாக இருந்து, அந்த மௌனத்துக்கு ஊதியமாக அவருடைய இடத்தைப் பெற்றவனும் நான். அந்தத் தாயை நாளையே போய்ப் பார்ப்பேன் என்றும் வாசித்தேன். மண்டிக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எங்களுக்கு அப்பவே தெரியும் வக்கீலய்யா. ஆர்ட்டிஸ்டுக்கு அம்புட்டுக் கணக்கு ஏது?"

"பிறகு ஏன் ஒருவரும் என்னைக் கேட்கவில்லை?" என்றேன்.

"அவருதான் கேக்க வேணாம்னாரு. 'வக்கீலய்யா அவுகளே எந்திரிச்சுச் சொல்லுவாக, பொறுங்க'ன்னாரு."

"எப்போது சொன்னார்?"

"வாசிக்கிற மொறைய எடுத்த அன்னைக்குத்தான்."

ஆறு ஆண்டுகள். ஞாயிறுதோறும் நான் எழுந்துபோய் வேதத்தை விரிக்கும்போது, நீங்கள் கடைசி வரிசையில் நிமிர்ந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன். இழந்த இடத்தைப் பார்க்கிறீர்கள் என்று நினைத்தேன். என்னைத்தான் பார்த்திருக்கிறீர்கள். இன்றைக்குச் சொல்லிவிடுவான் என்று.