கடைசி மான் கடக்கட்டும்

அண்ணே,

இன்று காலை முதல் ட்ரிப்பில், கோடியக்கரையிலிருந்து வண்டி திரும்பும்போது ஓர் அம்மா பாலைப்பழக் கூடையோடு ஏறினார். வண்டி முழுக்க அந்த இனிப்பு வாடை. டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தவன் சட்டென்று டிரைவர் சீட்டைப் பார்த்துவிட்டேன். அங்கே இருந்தது நீங்கள் இல்லை. நீங்கள் போய் இரண்டு வருடம் ஆகிறது. என் கண்ணுக்கு மட்டும் இன்னும் சேதி எட்டவில்லை.

பாலைப்பழம் என்றால் உங்களுக்கு உயிர். ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொள்வீர்கள். அதன் பால் உதட்டில் பிசின்போல ஒட்டிக்கொள்ள, வேதாரண்யம் வரும்வரை தலையை மட்டும்தான் ஆட்டுவீர்கள். "அப்பாடா, இன்னிக்காவது வண்டி அமைதியா போவுது" என்று நான் பின்னாலிருந்து கத்துவேன். மீன் கூடைக்காரம்மாக்கள் சிரிப்பார்கள். பதினோரு வருடம் ஒரே ரூட்டு, ஒரே வண்டி. நீங்கள் ஸ்டியரிங், நான் பை. வீட்டில் இருந்ததைவிட உங்களோடு இருந்த நேரம்தான் எனக்கு அதிகம்.

சரணாலயப் பலகை வந்துவிட்டால் நீங்கள் வேறு ஆள். ஹாரன் கிடையாது. வண்டி ஊரத் தொடங்கிவிடும். வெளிமான் கூட்டம் குறுக்கே வந்தால் சுத்தமாக நிறுத்திவிடுவீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நாகப்பட்டினம் வண்டியைத் தவறவிடுகிறவர்கள் என்னைத்தானே பிடித்துத் திட்டுவார்கள்? "எல்லாம் போயிடுச்சுண்ணே, எடுங்க" என்பேன்.

"இருய்யா, கடைசி ஆளு வரட்டும். ஒரு கால் படியில, ஒரு கால் ரோட்டுல நிக்கறப்ப நீ விசில் குடுப்பியா?"

நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். கூட்டம் போன பிறகும் புதர் ஓரத்தில் ஒன்று தயங்கி நிற்கும். அது தாண்டிய பிறகுதான் கியர் போடுவீர்கள்.

அந்த வைகாசி நாளைப் பற்றி இதுவரை நான் யாரிடமும் பேசவில்லை. அன்று வண்டி பிதுங்கி வழிந்தது. ஏற்கெனவே இருபது நிமிடம் தாமதம். ஒருவர் என் சட்டையைப் பிடிக்காத குறையாகச் சண்டைக்கு நின்றார். மான்கள் கடந்தன, நீங்கள் வழக்கம்போல் காத்திருந்தீர்கள். ஆத்திரத்தில் விசிலை எடுத்து இரண்டு முறை ஊதிவிட்டேன். டபுள் விசில் கேட்டால் வண்டியை எடுத்தே பழகிய கால் உங்களுடையது. மனசு வேண்டாம் என்பதற்குள் கால் கிளட்சை விட்டுவிட்டது. அந்த நேரம் பார்த்துக் குட்டி பாய்ந்தது.

நீங்கள் இறங்கிப்போய் அதன் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். தாய்மான் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டே இருந்தது. வண்டியில் ஒருவர்கூட நேரமாகிறது என்று சொல்லவில்லை.

டிப்போ விசாரணையில் அதிகாரியின் மேஜைக்கு முன்னால் நின்று, "நான்தான் சரியா பாக்கல சார்" என்றீர்கள். விசிலைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. பக்கத்தில் நான், வாயெல்லாம் பாலைப்பழம் ஒட்டியதுபோல நின்றேன். வெளியே வந்து, "ஏண்ணே அப்படி சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"கால் என்னோடதுதானய்யா."

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். டீ வாங்கிக் கொடுத்தேன். அவ்வளவுதான் எனக்கு முடிந்தது.

உங்களை மன்னார்குடி ரூட்டுக்கு மாற்றினார்கள். வழியெல்லாம் வயலும் வாய்க்காலும். நல்ல ரூட்டுதான், ஆனால் உங்களுடையது இல்லை. பஸ் ஸ்டாண்டில் எப்போது பார்த்தாலும் என் பிள்ளைகளை விசாரிப்பதற்கு முன்னால், "பூநாரை வந்துடுச்சா? காட்டுக் குதிரைங்க நல்லா இருக்கா?" என்றுதான் கேட்பீர்கள்.

"லீவு போட்டுட்டு வாங்கண்ணே, ஒரு நடை போயிட்டு வருவோம்."

"அந்த ரோட்டுல பேசஞ்சரா உக்காந்தா? போய்யா" என்று சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பு சிரிப்பாக இல்லை. மூன்று வருடம் அப்படியே ஓடியது. ஓய்வு பெற்ற அடுத்த மாசியில் நெஞ்சுவலி என்று சேதி வந்தது.

இப்போது சரணாலயப் பலகை வந்ததும் விசிலைக் கழுத்திலிருந்து கழற்றிப் பைக்குள் போட்டுவிடுகிறேன். இன்று காலையும் மான்கள் கடந்தன. புது டிரைவர் நல்ல பிள்ளை, வேகம்தான் கொஞ்சம் அதிகம். "எல்லாம் போயிடுச்சுண்ணே, ரைட் குடுங்க" என்றார். நான் படியில் இறங்கி நின்று புதரைப் பார்த்தேன். இலைகளுக்கு நடுவே ஒரு காது ஆடியது.

"இருங்க தம்பி. கடைசி ஆளு வரட்டும்."

பின் சீட்டில் யாரோ என்னைத் திட்டினார்கள். குட்டி ரோட்டில் கால் வைத்தது, பின்வாங்கியது, பிறகு ஒரே துள்ளலில் தாண்டிப் போனது. வண்டியின் தகரத்தில் கையால் இரண்டு தட்டு தட்டினேன்.

கால் உங்களுடையதுதான் அண்ணே. விசில் என்னுடையது. இதை அன்றைக்கே அந்த மேஜைக்கு முன்னால் சொல்லியிருந்தால், உங்கள் கடைசி மூன்று வருடமும் இந்த ரோட்டில்தான் ஓடியிருக்கும்.