பானட்டுக்குள் உட்காராத இன்ஜின்

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே நலம். அம்மாவுக்கு மூட்டுவலி பரவாயில்லை. நீ வருகிறாய் என்று உன் அறைக்கு வெள்ளையடிக்க ஆள் வைத்துவிட்டாள். தடுக்க எனக்கு மனம் வரவில்லை.

வேலையை விடாதே. ராஜினாமா கொடுத்திருந்தால் திரும்ப வாங்கிக்கொள். போனில் சொன்னால் நீ வாதாடுவாய், நான் தோற்பேன். அதனால்தான் கடிதம்.

கார் கம்பெனி நம் இன்ஜினை வேண்டாம் என்றுவிட்டது.

நீ வரைந்தபடி, ஒரே சிலிண்டருக்குள் எதிரெதிராக இரண்டு பிஸ்டனுடன், நான் வேலை பார்க்கும் சோதனைக்கூடத்தில் அது ஓடியபோது பழைய இன்ஜின் குடிப்பதில் முக்கால் பங்கு டீசல்தான் குடித்தது. கம்பெனிக்காரர்களே வந்து அளந்தார்கள். பிறகு அவர்களுடைய தலைமைப் பொறியாளர் வந்தார். நல்ல மனிதர். அதுதான் சிக்கல். "அருமையா ஓடுதும்மா. ஆனா எங்க பானட்டுக்குள்ள உக்காராதே" என்றார். நீளத்தைக் குறைத்தோம். பிஸ்டனின் ஓட்டம் சுருங்கியது. அப்புறம், பழைய கியர்பாக்ஸையே மாட்ட வேண்டும், தொழிற்சாலை அதற்குத்தான் இருக்கிறது என்றார். வேகத்தை ஏற்றினோம். அப்புறம் பழைய டீசல் பம்ப்பையே வைக்கச் சொன்னார். மெக்கானிக்குகளுக்கு அதுதான் பழக்கமாம்.

ஒவ்வொரு முறையும் நாம் இருவரும் சொல்லிக்கொண்டோம்: "இது ஒண்ணுதானே." செருப்புக்கு அளவாகக் காலை வெட்டினோம். கொஞ்சம் கொஞ்சமாக வெட்டியதால் வலிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை இறுதிச் சோதனை. பழையது குடிக்கும் அளவையே நம்முடையதும் குடித்தது. அவர் தாளைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பழசு மாதிரியேதான் இருக்கு. அப்புறம் எதுக்கும்மா புதுசு?" கொள்முதல் அதிகாரி, "கல்யாணத்துக்கு முன்னாடி எல்லா மாப்பிள்ளையும் சிங்கம்தான்" என்றார். அறையே சிரித்தது. நானும் சிரித்தேன், அண்ணா. அதுதான் இன்னும் செரிக்கவில்லை.

முதலில் செய்த வடிவத்தையே எடுத்துக்கொள்ளுங்கள் என்று பொறியாளரிடம் கேட்டேன். "அதுக்குப் புதுசா ஒரு ஃபாக்டரியே கட்டணும். முதல்ல எவன் கட்டுவான்? அடுத்தவன் கட்டட்டும்னு எல்லாரும் உக்காந்திருக்கோம்" என்றார். பொய் சொல்லவில்லை. வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

நாமே பட்டறை போடலாம் என்பாய். வேண்டாம். அங்கே நீ பழைய இன்ஜின்களைத்தான் வரைகிறாய் என்று தெரியும். வரை. வீட்டில் ஒருவர் தோற்றது போதும்.

அம்மா கேட்டால், இன்ஜின் ஓடுகிறது என்று சொல். ஓடத்தான் செய்கிறது.

குறையொன்றும் இல்லாமல் இரு. வேளைக்குச் சாப்பிடு. விடுப்பு கிடைத்தால் வந்து ஒரு வாரம் எங்களோடு இரு. திரும்பிப் போகும் டிக்கெட்டையும் அங்கேயே எடுத்துக்கொண்டு வா. இங்கே வந்த பிறகு எடுக்க நான் விடமாட்டேன்.

உன் தங்கை