துளையில் செருகிய தீக்குச்சி

அன்புள்ள அண்ணனுக்கு,

குருவி எழுதுகிறேன். நீயும் அண்ணியும் பாப்பாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நானும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. நேற்று நீ போனில் கேட்டபோது எல்லாம் சௌக்கியம், தொட்டி வேலை நன்றாகப் போகிறது என்று வாய் கூசாமல் சொன்னேன். பொய் அண்ணா. மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே மூடி வைத்துவிடுகிறேன். போனில் உன் குரலைக் கேட்டால் உடைந்துவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

பல் டாக்டரின் காத்திருக்கும் அறையில் நாம் இரண்டு பேரும் சேர்ந்து வைத்தோமே, அந்த ஐந்தடி மீன்தொட்டிதான். உனக்கு எல்லாம் தெரியும். ஆனாலும் முதலிலிருந்து வரிசையாக எழுதுகிறேன். டாக்டரிடம் சொல்லவேண்டி வந்தால் இப்படித்தான் சொல்லவேண்டும், இது ஒத்திகை என்று வைத்துக்கொள்.

தொட்டி மூலையில் சீப்புப் பல் மாதிரி வெட்டிய தடுப்பு. அதைத் தாண்டி வழிகிற தண்ணீர் குழாய் வழியாகக் கீழே அலமாரிக்குள் இருக்கிற சம்பு என்கிற சின்னத் தொட்டிக்கு இறங்கும். அங்கே வடிகட்டியதை மோட்டார் மறுபடி மேலே ஏற்றும். கரண்ட் போனால் மோட்டார் நிற்கும், ஆனால் ஏற்றுகிற அதே குழாய் தொட்டித் தண்ணீரைக் கீழே உறிஞ்ச ஆரம்பித்துவிடும். அதை நிறுத்தத்தான் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே குழாயில் ஒரு சின்னத் துளை. மட்டம் கொஞ்சம் இறங்கியதும் துளையில் காற்று புகும், உறிஞ்சுவது நின்றுவிடும். மாட்டிய அன்றைக்கு நீ மூன்று முறை பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தாய். என் நகப்பூச்சை எடுத்துச் சம்பில் சிவப்புக் கோடு போட்டு, இதைத் தாண்டித் தண்ணீர் ஏறக்கூடாது என்றாய். புது நகப்பூச்சு வீணாயிற்றே என்று அன்றைக்கு உன்னோடு மல்லுக்கு நின்றேன்.

ஐந்து வாரத்துக்கு முன்னால் அந்தத் துளையிலிருந்து தண்ணீர் மட்டத்துக்கு மேலே பீய்ச்சிக் கண்ணாடியில் பட்டுச் சுர்ர் என்று சத்தம் வந்தது. வந்து உட்காருகிறவர்களுக்கு எரிச்சலாக இருக்கிறதாம், டாக்டர் கூப்பிட்டுச் சொன்னார். உள்ளே பல்லைக் குடைகிற மெஷின் அலறுகிறது, இந்தச் சுர்ர்தான் எரிச்சலாம்! சரியாகச் செய்வதென்றால் குழாயைக் கழற்றித் துளை வேறு பக்கம் பார்க்கத் திருப்பி ஒட்டவேண்டும், அரைநாள் வேலை. எனக்கு அன்றைக்கு இன்னும் இரண்டு வீட்டுத் தொட்டி பாக்கி. ஒரு தீக்குச்சியைப் பாதியாக உடைத்துத் துளையில் செருகினேன். ஊறியதும் கச்சிதமாக அடைத்துக்கொண்டது. சத்தம் போயிற்று. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அப்புறம் வாராவாரம் போனேன், கண்ணாடியைத் துடைத்தேன், தீனி போட்டேன். மோட்டாரை ஒருமுறைகூட நிறுத்திப் பார்க்கவில்லை. மறந்தே போனேன் அண்ணா.

வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு அங்கே கரண்ட் போயிற்று. மீனுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று டாக்டரின் உதவியாள் எனக்குப் போன் செய்தான். நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வரவேற்பு மேஜையில் இருக்கிற பெண்ணை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். என்னை மீன்கார அக்கா என்று கூப்பிடுவாளே, அவள்தான். ஏழு மாதம். ஈரத்தில் வழுக்கி மல்லாக்க விழுந்துவிட்டாள். அவள் கால் பட்டு, கூட்டித் துடைக்கிற அம்மா அலமாரி ஓரமாக வைத்திருந்த வாளியும் கவிழ்ந்திருந்தது. அதனால் தரையெல்லாம் கிடந்தது வாளித் தண்ணீர் என்றே எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள்.

நான் அலமாரிக் கதவைத் திறந்தேன். சம்பு நிரம்பித் தரையில் வழிந்து, இன்னும் தளும்பிக்கொண்டிருந்தது. உன் சிவப்புக் கோடு தண்ணீருக்குள் நான்கு விரல் ஆழத்தில் தெரிந்தது. அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? ஓடிப்போய் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, தொட்டிக்குள் கையை விட்டு நகத்தால் தீக்குச்சியை நெம்பி எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன். டாக்டர் வந்து தொட்டியில் ஏதாவது கோளாறா என்று கேட்டார். “தொட்டியில ஒண்ணும் இல்ல சார்” என்றேன். குரல்கூட நடுங்கவில்லை. பிறகு நான் தரையைத் துடைத்ததற்கு நன்றி வேறு சொன்னார்.

அந்த அம்மாவை நிற்கவைத்துத் திட்டினார்கள். நான் கொட்டவில்லை, வாளியை ஓரமாகத்தான் வைத்தேன் என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள், ஒருவரும் காதில் வாங்கவில்லை. என்னைக்கூட ஒருமுறை பார்த்தாள். திங்கட்கிழமையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். புருஷன் இல்லாமல் இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறவள்.

நேற்றுக் காலை ஆஸ்பத்திரிக்குப் போனேன். குழந்தையின் இதயத் துடிப்பு இருக்கிறதாம், ஆனால் வலி விட்டுவிட்டு வருகிறது, பத்து நாள் அசையாமல் படுத்திருக்கவேண்டும், அதற்குமேல் எதுவும் சொல்வதற்கில்லை என்கிறார்கள். அவள் வயிற்றின்மேல் கையை வைத்தபடியே என்னைப் பார்த்துச் சிரித்தாள். “மீனெல்லாம் நல்லா இருக்கா அக்கா?” என்று கேட்டாள். பழம் கொடுக்கப் போனவள், பழத்தைக் கையில் வைத்துக்கொண்டே திரும்பி வந்துவிட்டேன்.

அங்கிருந்து நேராக, நான் பார்த்துக்கொள்கிற மற்ற பதினொரு தொட்டிக்கும் போனேன். ஒவ்வொன்றிலும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சம்பைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஒரு வீட்டம்மா, என்ன, தியானமா என்று கேலி செய்தாள். பதினொன்றும் ஒழுங்காக நின்றன. ஒழுங்காக நிற்கும் என்று எனக்குத் தெரியாதா? வேறு எங்கேயும் போகத் தைரியமில்லாமல்தான் அங்கெல்லாம் போனேன்.

போலீஸ் வருமோ என்று பயமாக இருக்கிறது. விஷயம் வெளியே தெரிந்தால் இந்த ஊரில் ஒருவரும் என்னைக் குழாயைத் தொட விடமாட்டார்கள், அந்தப் பயமும் இருக்கிறது. அந்தக் குழந்தைக்கு என்ன ஆகுமோ என்றும் பயம். ஆனால் இதையெல்லாம்விட வேறொன்றுக்குப் பயப்படுகிறேன். இன்று மத்தியானம் படுத்தவள் இரண்டு மணி நேரம் நன்றாகத் தூங்கிவிட்டேன் அண்ணா. எழுந்ததும் ஒரு நிமிஷம் எதுவுமே ஞாபகம் இல்லை. இப்படியே ஒரு வாரம் போனால் பழகிவிடும் போலிருக்கிறது.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு டாக்டரிடம் போகிறேன். சொல்லவேண்டும் என்றுதான் போகிறேன். ஆனால் வாசல்வரை போய்விட்டுக் கண்ணாடி துடைத்துவிட்டுத் திரும்பி வருகிறவள்தான் நான், என்னை உனக்குத் தெரியும். அதனால் அந்தத் தீக்குச்சியை இந்தக் கடிதத்தோடு காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறேன். இங்கே இருந்தால் என்றைக்காவது தூக்கிப் போட்டுவிடுவேன். டாக்டரின் நம்பர் கவரின் பின்பக்கத்தில் இருக்கிறது. கடிதம் கிடைத்ததும் அவரைக் கூப்பிட்டு, என் தங்கை ஏதாவது சொன்னாளா என்று கேள். சொல்லவில்லை என்றால் நீ சொல்லிவிடு. அந்த அம்மாவைத் திரும்பக் கூப்பிடச் சொல்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல். பாப்பாவைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் தனியாக விடாதே. எல்லாரும் நன்றாக இருங்கள், அந்தப் பெண்ணுக்காகவும் வேண்டிக்கொள்ளுங்கள்.

சின்ன வயதிலிருந்து நான் உடைத்ததையெல்லாம் நீ உடைத்ததாகச் சொல்லி அடி வாங்கியவன் நீ. இந்த முறை என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, கேட்டுக்கொள்கிறேன். பேசாமல் இரு, யாருக்கும் தெரியாது என்று மட்டும் சொல்லிவிடாதே அண்ணா. நீ சொன்னால் நான் கேட்டுவிடுவேன்.

உன் தங்கை,
குருவி