முட்டை மூழ்கிய கடல்

பள்ளியின் பொன்விழா மலர் நேற்று தபாலில் வந்தது. வழவழப்பான தாள், புது மையின் நெடி. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பக்கங்களைப் புரட்டினேன். நடுவில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம். நம்முடைய தொட்டி. கண்ணாடிக்குப் பின்னால் பவளக் கற்கள், ஒரு கோமாளி மீன். பக்கத்தில் கோட்டு போட்டுக்கொண்டு தலைமையாசிரியர். இன்னொரு பக்கத்தில், படத்தை வெட்டியவர்கள் கவனிக்காமல் விட்டுவிட்ட ஒரு கை. மடித்துவிட்ட காக்கிச் சட்டை, விரல்களுக்கு நடுவே ஒரு மூங்கில் குச்சி. உங்கள் கை. கீழே அச்சிட்டிருக்கிறார்கள்: 'தலைமையாசிரியரின் நேரடிப் பராமரிப்பில் திகழ்ந்த கடல் தொட்டி.'

நேரடிப் பராமரிப்பாம்! வந்த ஆத்திரத்தில் மலரை மேசையில் ஓங்கி அடித்தேன். காபி டம்ளர் உருண்டு தரையெல்லாம் காபி. அந்த மனிதர் தன் ஆயுசுக்கும் அந்தத் தொட்டிக்குச் செய்த பராமரிப்பு ஒன்றே ஒன்றுதான். அதில் ஒரு கோழிமுட்டையைப் போட்டுப் பார்த்தார். அதில்தான் தொட்டி செத்தது, உங்கள் பேரும் கெட்டது. அவரும் போய்விட்டார், பள்ளித் தோட்டக்காரரும் போய்விட்டார். நீங்கள் போய் இன்னும் ஒரு வருடம் நிறையவில்லை. நடந்தது தெரிந்து மிச்சமிருப்பது நான் ஒருத்திதான்.

அரியலூரில் கடல் தொட்டி வைப்பது அவருடைய யோசனை, அதை நான் மறுக்கவில்லை. சுண்ணாம்புக்கல் குழிகள் பக்கம் போய்வரும் பிள்ளைகள் டிராயர் பையில் கல்லாகிப்போன கிளிஞ்சல்களோடு வருவார்கள். "ஒரு காலத்துல இங்க கடல் இருந்துச்சுன்னு சொன்னா எவன் நம்புறான்? கடலையே கொண்டாந்து காட்டிடுவோம்" என்றார். தரங்கம்பாடியிலிருந்து லாரியில் டிரம் டிரம்மாகக் கடல் நீர் வந்தது. ராமேஸ்வரம் பக்கம் யார் யாரையோ பிடித்து, உயிருள்ள பவளம் ஒட்டிய கற்களும் கடல் சாமந்தியும் இரண்டு மீன்களும் வரவழைத்தார். எண்பதுகளின் தொடக்கம் அது, யாரும் கேட்பாரில்லை. ஆய்வகத்தில் தொட்டியை வைத்து, மாலை போட்டு, படம் எடுத்ததோடு அவர் வேலை தீர்ந்தது. தாவரவியல் ஆசிரியையான எனக்கும், ஆய்வக உதவியாளரான உங்களுக்கும் வேலை ஆரம்பித்தது.

எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது, தகுதிகாண் பருவம் முடியாத புது உத்தியோகம். உங்களுக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். தா.பழூர்ப் பக்கம் ஊர். அப்பாவும் அம்மாவும் பிறர் வயலில் நின்றவர்கள். நீங்களும் பத்து வயதிலிருந்து நாற்றுக்கட்டு சுமந்தவர். வீட்டில் முதன்முதலாக ஓர் ஆபீஸ் பதிவேட்டில் பேர் ஏறியது உங்களுக்குத்தான். 'எங்க வூட்டுல என் பேருதாங்க புத்தகத்துல இருக்கு' என்று சொல்லிச் சிரிப்பீர்கள். கடலை நீங்கள் அதுவரை பார்த்ததில்லை. டிரம்மில் வந்த கடலுக்குள் விரலை விட்டு நாக்கில் வைத்துக்கொண்டு, "அடேயப்பா, என்னா கரிப்பு!" என்றீர்கள்.

மூன்றாவது வாரமே பாசி வந்துவிட்டது. முதலில் கண்ணாடியில் காப்பித்தூள் நிறத்தில் ஒரு படலம். அப்புறம் பச்சை. அப்புறம் கற்களின் மேல் தலைமுடி போல நீண்டு, பவளத்தை மூடிக்கொண்டு. பாசிகளின் வகைகளையெல்லாம் லத்தீன் பேரோடு ஒப்பிப்பேன் நான். அதை விரட்டுவது எப்படி என்று எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. நீங்கள்தான் மூங்கில் குச்சியைப் பிளந்து பாதி பிளேடைச் செருகிக் கண்ணாடியைச் சுரண்டினீர்கள். பழைய டூத் பிரஷ்ஷால் கற்களைத் தேய்த்து, உதிர்ந்ததை ரப்பர் குழாயால் உறிஞ்சி வெளியே விட்டீர்கள். மூன்று நாளில் எல்லாம் திரும்ப முளைத்தது.

பிறகு ஒரு நாள் சுரண்டுவதை நிறுத்திவிட்டு, ஸ்டூலைப் போட்டுக்கொண்டு தொட்டிக்கு எதிரே உட்கார்ந்துவிட்டீர்கள். மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தீர்கள். இவருக்கு என்ன ஆயிற்று என்று நான்கூட நினைத்தேன். மணி அடித்த பிறகு வந்து சொன்னீர்கள்: "டீச்சர், பாசி அழுக்கு இல்லீங்க. யாரோ தீனி போடுறாங்க, அது தின்னுட்டு வளருது."

யார் என்று தேடினோம். வேடிக்கை பார்க்க வந்த பிள்ளைகள் பொரியும் பிஸ்கட்டும் போட்டுக்கொண்டிருந்தார்கள். பலகை மூடி செய்து பூட்டுப் போட்டீர்கள். குறைந்த தண்ணீருக்கு, உரச்சத்து கலந்த கிணற்று நீர் ஊற்றிக்கொண்டிருந்தோம். ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர், உப்பு உள்ளேயேதான் இருக்கும் என்று நான் சொன்னேன். "அப்ப மழைத்தண்ணியே போதுமேங்க" என்று மாடித் தண்ணீரைக் குடத்தில் பிடித்து வைத்தீர்கள். மேற்கு ஜன்னலில் வெயிலை மறைக்கச் சாக்கு கட்டினீர்கள். மீனுக்கு இரண்டு நாளைக்கு ஒரு சிட்டிகைதான் தீனி. ஒரு பேனாக் குழாய்க்குள் ஈயக் குண்டு போட்டு அடைத்து, முதலில் வந்த கடல் நீரில் அது எந்த உயரத்தில் மிதந்ததோ அங்கே சிவப்பு நூல் கட்டி வைத்திருந்தீர்கள். நூல் தண்ணீர் மட்டத்தில் நின்றால் உப்பு சரி. மேலே ஏறினால் மழைத்தண்ணீர் ஊற்றவேண்டும். ஆறு மாதத்தில் கற்கள் தெளிந்தன. பவளம் பட்டப்பகலில் விரல் விரலாக விரிந்தது. அந்த நாட்களில் எடுத்த படத்தைத்தான் வெட்டிப் போட்டிருக்கிறார்கள்.

அப்புறம் அந்தக் கோடை விடுமுறை. விடைத்தாள் திருத்தும் முகாமில் கட்டுத் தூக்க ஆள் வேண்டும் என்று ஒரு மாதத்துக்கு உங்களைப் பெரம்பலூர் போகச் சொன்னார்கள். "தொட்டியை யாரு சார் பாத்துக்குவாங்க?" என்றீர்கள். "தோட்டக்காரன் பாத்துக்குவான், நீ கெளம்பு" என்றார் தலைமையாசிரியர். நீங்கள் தோட்டக்காரரிடம் கெஞ்சியது இன்னும் என் காதில் இருக்கிறது. "அண்ணே, மழைத்தண்ணி இந்தக் கோடு வரைக்கும். தீனி ஒரு சிட்டிகை. வேற எதையும் போட்டுடாதீங்க, கையெடுத்துக் கும்புடுறேன்." நானும் திருமழபாடிக்கு அம்மா வீட்டுக்குப் போய்விட்டேன்.

ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஆய்வகத்திலிருந்து ஓடி வந்தார்கள். தொட்டிக்குள் மீனும் தெரியவில்லை, பவளமும் தெரியவில்லை. கண்ணாடியோடு கண்ணாடியாகக் கரும்பச்சைப் பாசி. ஆசிரியர்கள் எல்லோரும் சுற்றி நின்றோம். தலைமையாசிரியர் உங்களைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்தி, "சேத்துல நின்னவன் கையில கண்ணாடியைக் குடுத்தா இப்படித்தான் ஆவும்" என்றார்.

யாரோ இரண்டு பேர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நான் சிரிக்கவில்லை என்று நாற்பது வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். சிரிக்காமல் இருந்ததற்கு ஒரு பெருமை! வெட்கமாக இல்லையா எனக்கு?

"நான் ஒரு மாசமா பெரம்பலூர்ல இருந்தேன் சார்" என்றீர்கள். "அதுக்கு முன்னாடியே அழுக்கா வச்சிருப்படா" என்றார். சாயங்காலம் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். "ஆய்வகப் பொறுப்பு நீங்கதான். பாசிக்கு என்ன காரணம்னு ரெண்டு வரி எழுதிக் குடுங்க. உங்க தகுதிகாண் ஃபைலும் இங்கதான் கெடக்கு, மறந்துடாதீங்க" என்றார். மேசையில் நிஜமாகவே அது கிடந்தது. நான் எழுதினேன். 'உதவியாளர் முறையாகச் சுத்தம் செய்யாமையே காரணம்.' பாசி அழுக்கு இல்லை என்று உங்கள் வாயால் கேட்டவள், அழுக்குதான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதை வைத்துத்தான் உங்களுக்கு மெமோ கொடுத்தார்.

இரண்டு நாள் கழித்து என்னைத் தோட்டக்காரரின் கொட்டகைக்கு அழைத்துப் போனீர்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். "அண்ணே, டீச்சர்கிட்ட சொல்லுங்க" என்றீர்கள்.

"பெரிய சார் ஒரு நா முட்டை ஒண்ணு எடுத்தாரச் சொன்னாருங்க. தொட்டில போட்டாரு. முழுகிடுச்சு. 'உப்பு பத்தலடா, வாரத்துக்கு ரெண்டு கை உப்பு போட்டுட்டு வா'ன்னாரு. போட்டேன்." மூலையில் இருந்த மூட்டையைக் காட்டினார். குரோட்டன் செடிகளுக்கு வாங்கி வைத்த யூரியா.

விதைநெல்லில் பதரைப் பிரிக்க உப்புத் தண்ணீர் கலக்கும்போது, முட்டை மிதந்தால்தான் உப்பு போதும் என்று நம் பக்கத்து விவசாயிகள் பார்ப்பார்கள். தலைமையாசிரியர் வீட்டில் நிலம் நிறைய. அந்தக் கணக்கைக் கடலுக்குப் போட்டிருக்கிறார். நல்ல முட்டை கடல் நீரில் மூழ்கத்தான் செய்யும் என்பது அவருக்குத் தெரியாது. அது போகட்டும். வயலுக்குப் போடும் உரத்தையும் நம் ஊரில் உப்பு என்றுதான் சொல்வார்கள் என்பது அவருக்குமா தெரியாது? 'உப்பு போட்டாச்சா' என்று தன் பண்ணையாட்களைத் தினமும் கேட்டவர்தானே அவர்! தோட்டக்காரருக்கு உப்பு என்றால் அந்த மூட்டைதான். அவரை எப்படிக் குறை சொல்வது?

"நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டேன்.

"சேத்துல நின்னவன்தானே டீச்சர் நான்?" என்றீர்கள். "உப்பு போட்ட நாத்துதான் இப்படிக் கறுக்கும். உள்ள வந்து பாத்தவொடனே தெரிஞ்சுபோச்சு. நீங்க போய்ச் சொல்லுங்க. அண்ணன் பேரை இழுக்காதீங்க, அவரு தினக்கூலி. போடச் சொன்னது யாருன்னு மட்டும் சொல்லுங்க. பதிவேட்டுல என் பேருக்கு நேரா இப்படி ஒண்ணு ஏறக்கூடாது டீச்சர்."

போனேன். முட்டையையும் உப்பையும் சொன்னேன். முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு நான் எழுதிய தாளை எடுத்து என் முன்னால் தள்ளினார். "அப்ப நீங்க எழுதிக் குடுத்தது பொய்யா?" என்றார். பொய்தான் சார் என்று சொல்ல ஒரு நொடி போதும். எனக்கு வாய் வரவில்லை. அந்தத் தாளை அங்கேயே வாங்கிக் கிழித்திருக்கலாம். கையைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தேன். வேப்பமரத்தடியில் நின்றிருந்தீர்கள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரிங்க டீச்சர்" என்று மட்டும் சொன்னீர்கள்.

ஆய்வகச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு மணி அடிக்க விட்டார்கள். ஓய்வு பெறும்வரை மணிதான் அடித்தீர்கள். தொட்டியில் மண்ணைக் கொட்டிக் குரோட்டன் வைத்தார்கள். அது ஆள் உயரம் வளர்ந்தது, வளராமல் என்ன செய்யும்? என் தகுதிகாண் பருவம் நல்லபடியாக முடிந்தது. வேறு பள்ளிக்கு மாற்றலானபோது எனக்குப் பொன்னாடை போர்த்தி வழியனுப்பிய அன்றும், நீங்கள் அடித்த மணிக்குத்தான் கூட்டம் கலைந்தது.

பல வருடம் கழித்து அரியலூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தோமே, நினைவிருக்கிறதா? முடி முழுக்க நரைத்திருந்தது உங்களுக்கு. எப்படியோ தைரியம் வந்து, "என்னை மன்னிச்சுடுங்க" என்றேன். நீங்கள் கோபப்படவில்லை, சிரிக்கவும் இல்லை. "மன்னிக்கிறது கெடக்கட்டும் டீச்சர். எழுதுனதை மாத்தி எழுதுனீங்களா?" என்று கேட்டீர்கள். இல்லை என்றேன். தா.பழூர் பஸ் வந்தது. "போயிட்டு வரேங்க" என்று ஏறிவிட்டீர்கள். அதன் பிறகு உங்களை உயிரோடு பார்க்கவில்லை.

நேற்று காபியைத் துடைத்த கையோடு பள்ளிக்குப் போன் செய்தேன். இப்போதைய தலைமையாசிரியர் சின்னப் பையன், மரியாதையாகத்தான் பேசினார். படத்தில் இருக்கும் கை யாருடையது என்று சொன்னேன். "நாங்களும் பேரு போடலாம்னுதான் பழைய பதிவேட்டை எடுத்துப் பாத்தோம் மேடம். அதுல அவரு மேல ஒரு குறிப்பு இருந்துச்சு. பணியில் அசட்டைன்னு. கூடவே ஒரு டீச்சரோட அறிக்கையும் இருக்கு. அதான் எதுக்கு வம்புன்னு படத்துலேருந்து ஆளை வெட்டச் சொன்னோம்" என்றார்.

"அந்த டீச்சர் நான்தான்" என்றேன். "நீங்களா மேடம்?" என்றார். "நான் எழுதினது பொய்" என்றேன். நாற்பது வருடத்துக்கு முன்னால் வராத வாய், போனில் வந்துவிட்டது. பிறகு உங்கள் பேரை இனிஷியலோடு சொன்னேன். எழுத்து எழுத்தாக, அவர் எழுதி முடிக்கும்வரை சொன்னேன்.

இன்று காலை உட்கார்ந்து மாற்றி எழுதினேன். பாசிக்குக் காரணம் உப்பு, உப்புக்குக் காரணம் முட்டை, முட்டையைப் போட்டவர் இன்னார், பொய் எழுதியவள் நான். எல்லாம் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிட்டது. அதில் தோட்டக்காரர் பேரை இழுக்கவில்லை. ஆய்வகத்தைக் காலி செய்தபோது நான் எடுத்து வைத்த உங்கள் பேனாக் குழாய் என் கைப்பையில்தான் இருக்கிறது. நூல் வெளுத்துப்போய்விட்டது, ஆனால் கட்டிய இடத்திலேயே இருக்கிறது. நாளைக் காலை முதல் பஸ்ஸில் போய், அந்தத் தாளை என் கையாலேயே பதிவேட்டில் வைத்துவிட்டு வருவேன்.

தேதி மட்டும் இன்றைய தேதிதான் போட்டிருக்கிறேன். எத்தனை வருடம் கழித்து எழுதினாள் என்பதும் அந்தப் பதிவேட்டில் இருக்கட்டும்.