முழுக் கிளாஸ் குடித்த அக்காவுக்கு

என் பாசத்துக்கும் கிண்டலுக்கும் உரிய சின்னப்பொண்ணு அக்கா,

ரெங்கம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வசிக்கும் சகலருக்கும், மேலே குடிபோய்விட்ட உனக்கும் இதனால் அறிவிக்கப்படுவது: உன் வெள்ளைக் கோழி, ஆஸ்பத்திரியில் மருந்து ஊற்றும் டிரெசர் ஐயாவின் தொப்பிக்குள் முட்டையிட்டுவிட்டது. ஐயா பார்க்காமல் தலையில் கவிழ்த்துக்கொண்டார். கோழிக்குப் பக்கத்தில் தொப்பியை வைத்தது யார் என்று விசாரணை நடக்கிறது. நான் சிரிக்க ஆரம்பித்து, வழக்கம்போல உன் பக்கம் திரும்பினேன். சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது.

பேரிலேயே நீ சின்னப்பொண்ணு. தோட்டத்துக் கணக்கில் மட்டும் பெரியாள். உன்னை ரப்பர் பால்வெட்டுக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அப்பா கங்காணியிடம் வயதைக் கூட்டிச் சொல்லியிருந்தார். நம் இருவருக்கும் காய்ச்சல் வந்தபோது ஆஸ்பத்திரியிலும் அதே கணக்குதான். காய்ச்சலுக்கான கசப்பு மருந்து, கொயினாத் தண்ணீர், எனக்கு அரைக் கிளாஸ், உனக்கு முழுக் கிளாஸ்.

"காதுக்குள்ள வண்டு கத்துதுடா," என்றாய்.

"அதுகிட்ட வாடகை கேளுக்கா," என்றேன். சிரித்தாய். அதன் பிறகு நான் சொன்ன எதுவும் உன் காதில் விழவில்லை. ஒருநாள் கண் விழித்தபோது உன் கட்டிலில் பாய் இல்லை.

உன்னைக் கொண்டுபோனது காய்ச்சலா, மருந்தா அக்கா?

இப்போது ஜொகூர் பாருவிலிருந்து ஒரு டாக்டர் வந்திருக்கிறார். நன்றாகத் தமிழ் பேசுகிறார். தோட்ட ஆஸ்பத்திரிகளில் பிள்ளைகளுக்கு எவ்வளவு மருந்து கொடுத்தார்கள், பெரியவர்களுக்கு எவ்வளவு, யார் பிழைத்தார்கள் என்று ஆராய்கிறார். ரப்பர் ஷீட் நிறுக்கும் தராசில் பிள்ளைகள் எங்களையும் ஏற்றி நிறுக்கிறார். நான் சட்டைப் பையில் கல்லோடு ஏறினேன். "கல்லுக்கும் காய்ச்சலாப்பா?" என்றார்.

நம் வீட்டுக்கும் வந்தார். "இறந்துபோன பொண்ணு சின்னப் பிள்ளையா, பெரியாளா?"

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு, "பெரியாள்தாங்க," என்றார். பொய் வயது தெரிந்தால் துரை தோட்டத்தை விட்டே விரட்டிவிடுவார் என்று பயம்.

நான் விடுவேனா? நெஞ்சை நிமிர்த்தி முன்னால் போய் முழங்கினேன்: "பாண்டி ஆடுற பிள்ளைங்க அவ. பெரியாளுங்களோட சேர்த்து எழுதாதீங்க."

டாக்டர் நின்றுவிட்டார்.

"அரைக் கிளாஸ் குடுத்திருந்தா பொழைச்சிருப்பாளாங்க?"

"தெரியல. அதைத் தெரிஞ்சுக்கத்தான் அலையறேன். நீங்க உண்மையச் சொன்னாதான் அடுத்த பிள்ளைக்கு எவ்வளவு ஊத்தணும்னு தெரியும்."

இப்போதெல்லாம் டிரெசர் ஐயா பிள்ளைகளைத் தராசில் நிறுத்துப் பார்த்த பிறகுதான் கிளாஸைத் தொடுகிறார்.

அக்கா, முழங்கினேன் என்று எழுதினேன் இல்லையா? அதை நம்பாதே. நான் விறகுக்குப் பின்னால் உன் கோழியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாய் திறக்கவே இல்லை. டாக்டர் படி இறங்கிய பிறகு, அப்பாதான் ஓடிப்போய் வழியை மறித்தார். பாண்டி ஆடுகிற பிள்ளை என்றது அவர். அரைக் கிளாஸ் கேள்வியும் அவருடையதுதான். கேட்டுவிட்டு அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

இனி யாராவது ஒரு பிள்ளையைப் பெரியாள் என்று சொன்னால் நான் வாய் திறப்பேன். குரல் நடுங்கினாலும் திறப்பேன்.

உன் அரைக் கிளாஸ் தம்பி