இருபத்தேழாம் டவரின் குறுக்குக் கம்பி

மார்ச் 3, செவ்வாய்

இருபத்தேழாம் டவருக்குக் கணக்கு முடித்துக் கையெழுத்தும் போட்டாயிற்று. குடியிருப்புக்குள் புது டவர் நட இடமில்லை என்பதால், செல்போன் கம்பெனி எங்கள் மின்வாரியத்தின் மின்கம்பி டவரிலேயே மூன்று ஆன்டெனா மாட்டக் கேட்கிறது. புயல் காற்றில் அந்தச் சுமையை டவர் தாங்குமா என்று சொல்வது என் வேலை. தாங்கும். பதினான்கு வருடமாக இதைத்தான் செய்கிறேன். என் கணக்கு எதுவும் தப்பென்று திரும்பி வந்ததில்லை.

டவர் என் அக்கா வீட்டுக்கு எதிரே நிற்கிறது. ஆன்டெனா வேண்டாம் என்று தெருவைத் திரட்டுவதும் அவள்தான். "சங்கடமா இருந்தா வேற ஆள்கிட்ட குடுத்துடலாம்" என்றார் மேலதிகாரி. எதற்கு? காற்று என்ன அக்கா தங்கை பார்த்தா அடிக்கிறது?

மார்ச் 7, சனி

தெருக்கூட்டம். நாற்பது பேர். கதிர்வீச்சு பற்றிய கேள்விகளுக்குக் கம்பெனி ஆள் அளவுக் கருவியோடு பதில் சொன்னார். பாதிப் பேர் நம்பினார்கள். புயலில் விழுமா என்றதும் நான் எழுந்தேன். "விழாது. என் கையெழுத்து இருக்கு."

அக்கா விடுவாளா?

"கிட்டப் போய்ப் பாத்தியா?"

"வரைபடம் இருக்குக்கா."

"அங்க நிக்கிறது வரைபடமா? லாரி இடிச்சு ஒரு குறுக்குக் கம்பிய மாத்துனாங்களே, அது உன் வரைபடத்துல இருக்கா?"

"எல்லாம் இருக்கும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். வீடு வந்து சேரும்வரை எனக்குக் கோபம் ஆறவில்லை.

மார்ச் 9, திங்கள்

வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். லாரி இடித்த பேச்சே அதில் இல்லை.

எங்கள் ஆட்களின் வழக்கம் தெரிந்ததுதான். மின்சாரம் உடனே வர வேண்டுமென்றால் வண்டியில் கிடக்கும் ஏதோ ஒரு இரும்புக் கம்பியை மாட்டிவிடுவார்கள். ஆபீசுக்குத் திரும்பியதும் வரைபடத்தில் சிவப்பு மையால் குறிக்க வேண்டும். பல நேரம் அது நடப்பதில்லை. இதெல்லாம் தெரிந்த நான் எப்படி அளக்காமல் கையெழுத்துப் போட்டேன்? திமிர். வேறென்ன.

மார்ச் 10, செவ்வாய்

தடிமன் அளக்கும் காலிப்பரோடு போனேன். சாலைப் பக்கக் காலில், என் தோள் உயரத்தில் அந்தக் குறுக்குக் கம்பி. வரைபடத்தில் தடிமன் எட்டு மில்லிமீட்டர். இங்கே ஐந்து. மூன்று தடவை அளந்தேன். அஞ்சு, அஞ்சு, அஞ்சு — ஐயோ, நாப்பது பேர் முன்னாடி என்ன வாய் பேசுனேன்! ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று பயிற்சி வகுப்பில் பாடம் எடுப்பவள் நான்.

இப்போதைய மின்கம்பிகளுக்கு டவர் தாங்கும், பயமில்லை. ஆன்டெனாவும் ஏறி, புயலும் வந்தால் அந்தக் கம்பி வளைந்துவிடும். மாடியிலிருந்து அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். இறங்கி வரவில்லை.

மார்ச் 11, புதன்

மேலதிகாரி: "அடுத்த பராமரிப்பு அன்னிக்குக் கம்பிய மாத்திடலாம். ரிப்போர்ட் அப்படியே இருக்கட்டும். தெருவுல போய்ச் சொல்லி ஏன் வம்ப விலைக்கு வாங்கணும்?"

இரும்புக்கு அது போதும். நாற்பது பேருக்குப் போதாது. "கையெழுத்து என்னோடது சார், நானே வாபஸ் வாங்கிக்கறேன்."

மார்ச் 14, சனி

அதே கூட்டம். "என் கணக்கு தப்பு. ஒரு கம்பிய அளக்காம விட்டுட்டேன்" என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிட்டேன். கடைசி வரிசையிலிருந்த மெக்கானிக் ஒருவர் பிடித்துக்கொண்டார்: "அப்ப மத்த கம்பி?"

நியாயமான கேள்வி. "ஒண்ணு விடாம அளந்துட்டு வர்றேன். அதுவரைக்கும் ஆன்டெனா ஏறாது."

கூட்டம் முடிந்ததும் அக்கா நாற்காலிகளை மடக்கப் போய்விட்டாள். தெரு இனி என்னை நம்புமா என்பதே சந்தேகம். அவள் நம்புவாளா என்பது அதைவிட.

மார்ச் 15, ஞாயிறு

அக்கா கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. பிடிவாதம் எங்கள் குடும்பச் சொத்து.

ஏப்ரல் 11, சனி

மின்சாரத்தை நிறுத்தி, டவரில் ஏறிய எங்கள் ஊழியர்கள் இருவரும் மேலிருந்து அளவைக் கத்தக் கத்த நான் கீழே எழுதினேன். இருநூற்றுப் பன்னிரண்டு துண்டுகள். தப்பு அந்த ஒன்று மட்டும்தான். புதுக் கம்பியின் போல்ட்டை நானே முறுக்கினேன். மெக்கானிக் வந்து பிடித்து இழுத்துப் பார்த்து "இது நிக்கும்" என்றார், ஏதோ எனக்குச் சர்டிபிகேட் தருவதுபோல். தந்துவிட்டுப் போகட்டும்.

ஏப்ரல் 25, சனி

தெரு ஒப்புக்கொண்டது. ஆறு பேர் இன்னும் வேண்டாம் என்கிறார்கள். அக்கா எந்தப் பக்கமும் கை தூக்கவில்லையாம்.

மே 16, சனி

முப்பத்தொன்றாம் டவருக்காகப் பக்கத்துத் தெருவில் கூட்டம். இந்த முறை எல்லாவற்றையும் அளந்துவிட்டே போனேன். முதல் கேள்வியே, "போன தடவ தப்பாக் கணக்குப் போட்டவங்க நீங்கதானே?"

நான் பதில் சொல்லுமுன் பின்னாலிருந்து அக்கா குரல். அந்தத் தெருவில் இவளுக்கு என்ன வேலை?

"ஆமா, தப்பாத்தான் போட்டா. எங்க தெருவுக்கு வந்து அத சொன்னதும் இவதான். நீங்களா இருந்தா சொல்லியிருப்பீங்களா?"

எனக்குக் கண் கலங்கியது. இங்கே எழுதுவதில் என்ன வெட்கம்? பிறகு வரிசையாகக் கேட்டார்கள், வரிசையாகப் பதில் சொன்னேன்.

வெளியே வந்ததும் அக்கா தோளில் இடித்தாள். "நாலு பேர் முன்னாடி பேச வர்றவ, தலையச் சீவிட்டு வரக்கூடாதாடி?"