ஜீப்பு முழுசாக விழுந்த படம்

தை 5, ஞாயிறு
காலையில் மூடுபனி. வெயில் வந்ததும் படம் எடுக்கும் வேலை. ராசிபுரத்து மச்சான் இரவல் தந்த பெட்டிக் கேமரா. முள்ளுக்குறிச்சி மாப்பிள்ளை வீட்டார் மகள் செல்வியின் படம் கேட்டிருக்கிறார்கள்.

என் மளிகைக் கடை வாசலில் ரோடு கண்ட்ராக்டரின் ஜீப்பு. பக்கத்தில் அவளை நிறுத்தினேன். நம்முடையது என்று நான் சொல்லவில்லை. படம் சொன்னால் நான் என்ன செய்ய?

நேரே நின்று பார்த்தால் ஜீப்பு தவளை மாதிரி. ஓரமாக மண்டி போட்டுப் பார்த்தால் யானை. எட்டாவதோடு நின்றவனுக்கு எத்தனை மூளை! கதவில் கண்ட்ராக்டர் பேர். அதை மறைக்க செல்வியை முன்னால் நகர்த்தினேன். ஜீப்பின் மேல்கூடும் படத்தில் விழவேண்டுமே என்று கேமராவைக் கொஞ்சம் நிமிர்த்தினேன்.

"அப்பா, நான் தெரியறேனுங்களா?"

"தெரியற கண்ணு. ஆடாம நில்லு."

தை 15, புதன்
படம் கழுவி வந்தது. ஜீப்பு ராஜா. முன்னால் நின்ற செல்வி முழங்காலோடு சரி.

"ஏனுங்க, புள்ளை காலு எங்கீங்க?" என்றாள் வீட்டுக்காரி.

"ஜீப்புக்கு நாலு காலும் இருக்குதல்ல!"

சிரித்தது நான் மட்டும். படத்தை அனுப்பிவிட்டேன்.

தை 19, ஞாயிறு
நல்ல வெயில். மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். ஜீப்பைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. காப்பி குடித்துவிட்டு மாப்பிள்ளையின் அம்மா மெதுவாக என்னிடம்:

"தப்பா நெனைக்காதீங்க. படத்துல காலை உட்டுட்டு எடுத்திருக்கறீங்க. நொண்டியோன்னு ஒரு சந்தேகமுங்க. புள்ளையக் கொஞ்சம் நடக்கச் சொல்றீங்களா?"

உண்மை தொண்டை வரை வந்தது. ஜீப்புக்காகக் காலை விட்டேன் என்றால், யார் ஜீப்பு என்பார்கள்.

"நடந்து காட்டு சாமி" என்றேன்.

செல்வி சேலையைக் கணுக்காலுக்கு மேல் பிடித்துக்கொண்டு சுவர் வரை போனாள். திரும்பினாள். "இன்னொருக்கா" என்றது ஒரு குரல். மறுபடி நடந்தாள். சந்தையில் மாடு பிடிக்கும்போது நானும் இப்படித்தான் நடக்கவிட்டுப் பார்ப்பேன். பல்லைத்தான் பார்க்கவில்லை.

அவர்களுக்குச் சம்மதமாம். நான் பல்லைக் காட்டிக்கொண்டு வழியனுப்பினேன்.

தை 20, திங்கள்
பனி. கடையில் உப்பு தீர்ந்துவிட்டது. நேற்றிலிருந்து செல்வி என்னோடு பேசவில்லை. அடுப்படிக்குப் போய் நின்றேன்.

"புடிக்கலீன்னா சொல்லீரு கண்ணு. உன்னைய நடக்கச் சொன்ன அந்தம்மாகிட்ட நானே போய்ச் சண்டை போடறேன்."

அடுப்பை ஊதியபடியே, திரும்பாமல்:

"அவங்க உங்களைத்தானுங்க கேட்டாங்க. என்னைய நடக்கச் சொன்னது நீங்க."